முதல் நீர்

மில்வாக்கியில் ஜூன் கடைசி.
நகரச் சுகாதாரத் துறை எங்களுக்குக் கொடுத்தது
ஊதா டீ-சர்ட் இரண்டு, எழுதும் அட்டை ஒன்று,
ஆறு வாரத்துக்குப் பஸ் பாஸ்,
பள்ளிக்கூடம் திறக்கும்வரை
களப்பணியாளர் என்றொரு பெயர்.

யாரெட்ஸிக்கு நர்ஸ் ஆக ஆசை.
தூ மெங்குக்குக் கல்லூரி விண்ணப்பத்தில்
எழுத ஒரு வரி வேண்டும்.
ஜமாருக்கு, அவனே சொன்னான்,
வெள்ளிக்கிழமைக் காசோலை.
எனக்கு?
எங்கள் வீட்டில் ஏசி இல்லை,
பயிற்சி அறையில் இருந்தது.

வேலை இதுதான்:
பழைய வீடுகளின் கதவைத் தட்டி
ஒரு லிட்டர் பாட்டிலைக் கொடுத்து
"இரவு படுத்தபின் குழாயைத் தொடாதீர்கள்.
பல் தேய்க்குமுன், காபிக்கு முன்,
கழிவறைக்கும் முன்,
திறந்ததும் விழுகிற முதல் நீரை
அப்படியே பிடியுங்கள்" என்று சொல்வது.
இரவெல்லாம் குழாயோடு கிடந்த தண்ணீர்
குழாயைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதை ரோஹிங்கியாவில், பர்மியத்தில்,
ஆங்கிலத்தில் சொன்னேன்.
அரைகுறை ஸ்பானிஷிலும் சொன்னேன்;
கழிவறை வரும் இடத்தில்
எல்லாரும் சிரித்தார்கள்.

ஒருவர் கதவைத் திறக்கவேயில்லை.
கடிதம் போடும் துவாரம் வழியே
"நான் வாடகைக்காரன்,
வீட்டுக்காரனைக் கேள்" என்றார்.
வீட்டுக்காரன் அரிசோனாவில் இருந்தான்.

எந்தச் சமையலறையிலும்
துடைத்துவைத்த பித்தளைக் குழாய்தான் முதலில் கண்ணில் படும்.
அதற்குப் பின்னால், சுவருக்குள், மண்ணுக்குள்,
நூறு வயது ஈயம்.
ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.
இங்கே இரண்டும் ஒரே வாயால்
ஊற்றிக்கொண்டிருந்தன.

அம்மா பாட்டிலை வாங்க மறுத்தாள்.
"முகாமில் ஒரு குடத்துக்கு
இரண்டு மணி நேரம் நின்றவள் நான்.
வீட்டுக்குள்ளேயே வந்து விழுகிறது,
அதையா குற்றம் சொல்லப்போகிறாய், நூர் கைதா?"
அவள் தூங்கியபின்
குழாய்க்குக் காகிதப் பையைக் கட்டிவைத்தேன்.

நான்காம் வாரம், வியாழன், முடிவுகள் வந்தன.
பெயர் கிடையாது, முகவரி கிடையாது,
எண் மட்டும்.
முப்பத்தொன்று:
நூறு கோடிப் பங்கில் இருபத்தேழு.
யாரோ மெல்ல விசிலடித்தார்கள்.

முப்பத்தொன்றை வாங்கி வந்தவள் நான்.
அந்த வாசலில் கிடந்தன
ஜமாரின் ஆரஞ்சு நிற ஷூக்கள்.
நடைவண்டியில் அவன் தங்கை
என் அடையாள அட்டையை வாயில் வைத்தாள்.
அவன் எதிரே உட்கார்ந்து
சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான்.

கடிதம் போக இரண்டு வாரம் ஆகும்.
அதுவரை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பத்தொன்பதாம் எண் பஸ்ஸில்
"ஒத்திகை பார்க்கலாமா?" என்று கேட்டேன்.
"நான் வீட்டுக்காரி. நீ களப்பணியாளர்.
என் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.
முடிவு இன்னும் வரவில்லை.
என்ன செய்யட்டும்?"
கொட்டாவியோடு தொடங்கினான்.
பால் பவுடர் கலக்க
வடிகட்டிய தண்ணீர் மட்டும்.
கொதிக்கவைத்தால் ஈயம் போகாது.
வடிகட்டும் ஜாடி இலவசம்,
கேப்பிடல் டிரைவ் கிளினிக்கில், ஐந்து மணிவரை...

ஐந்து மணிவரை என்று
இன்னொரு முறை சொன்னான்.
என் முகத்தைப் பார்த்தான்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
கயிற்றை இழுத்து
தன் நிறுத்தத்துக்கு மூன்று நிறுத்தம் முன்னாலேயே
இறங்கிவிட்டான்.
சிப்ஸ் பை இருக்கையில் கிடந்தது.
மணி நாலே முக்கால்.

கடைசி வெள்ளி, நூலகத்தில் கண்காட்சி.
வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள்.
கவுன்சிலர்கள் வந்தார்கள், குக்கீஸ் இருந்தது.
ஜமார் நன்றாகவே விளக்கினான்,
ஒரு புள்ளியைத் தோளால் மறைத்தபடி.

எங்கள் வீடு பன்னிரண்டு.
கண்டறியும் அளவில் இல்லை.
"அன்றைக்கே சொன்னேனே" என்றாள் அம்மா.
ஆனாலும் இப்போது காலையில்
குழாயைத் திறந்து, கையைக் கட்டிக்கொண்டு,
கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான்
கெண்டியை நீட்டுகிறாள்.